நாற்காலியில் இருந்த நேரம்

ஜனவரி 8

தம்பிக்கு,

நான் நலம். கடிதம் என்றால் எதிராளியின் நலத்தையும் கேட்டாக வேண்டும் என்பதால் உன் நலத்தையும் கேட்கிறேன். தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேச்சில் நீ வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். எழுத்தில் மாட்டிக்கொள்வாய்.

கண்காணிப்பாளர் தேர்வுக்கான சுற்றறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஜூன் நடுவில் தேர்வு. துறை முழுவதற்கும் பன்னிரண்டு இடங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்திருக்கும் ஓட்டுநர், "உங்க தம்பியும் எழுதுறார் போல சார், ரெண்டு அப்ளிகேஷன் பாரம் வாங்கிட்டுப் போனார்" என்று பல்லைக் காட்டினார். ஒரு பாரத்தை அடித்துத் திருத்திக் கெடுத்துவிடுவாய் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. நல்ல முன்யோசனை.

எனக்கு இதுதான் கடைசித் தடவை. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். முன்பு இரண்டு தடவை கோட்டை விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். ஏன் விட்டேன் என்பதையும் சொல். முதல் தடவை, தேர்வுக்கு முந்தைய மாதம் முழுவதும் அப்பாவின் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். நீ வேலை தேடுகிறேன் பேர்வழி என்று ஊர் சுற்றினாய். இரண்டாம் தடவை, தேர்வு நெருங்கிய நேரம் பார்த்து உன் கல்யாணப் பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டையே இரண்டாக்கினாய். முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவன் தண்ணீர் வரி அலுவலகத்தில் இன்னும் எழுத்தராகவே உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்த நாற்காலிக்கு ஒரு கால் நீ போட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு குறை உண்டு. படிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். பேனாவில் மை இருக்கிறதா, ஜன்னல் கொக்கி போட்டிருக்கிறதா, செய்தித்தாளில் நான் காலையில் விட்டுப்போன பத்தி என்ன, இப்படி ஏதாவது ஒன்று என்னைக் கூப்பிடுகிறது. என்னைக் கண்காணிக்க ஆள் வேண்டும். மனைவியைக் காவல் வைத்தால் இரக்கப்படுவாள். நண்பனை வைத்தால் பேச்சுக் கொடுப்பான். பகைவனைப் போல நல்ல காவல்காரன் கிடையாது. ஆகவே உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

விதி இது. நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுவது வரைதான் கணக்கு. தேநீருக்கு எழுந்தால் கழிக்க வேண்டும். உட்கார்ந்தபடி தூங்கினாலும் கழிக்க வேண்டும். வாரம் முழுவதும் சேர்ந்த நேரத்தைச் சனிக்கிழமை ஓர் அட்டையில் எழுதி எனக்கு அனுப்பு, நானும் அனுப்புகிறேன். சாட்சி தேவையில்லை. நீ பொய் சொல்வாய் என்று தெரியும், அளவோடு சொல்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜனவரி 16

அண்ணனுக்கு வணக்கம்.

இங்கே நான், பிள்ளைகள் இருவர், என் மனைவி எல்லோரும் நலம். நீங்கள் மூன்று பேரைத்தான் விசாரித்திருந்தீர்கள். நான்காவது ஆளை என் பொறுப்பில் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவின் கட்டிலருகே நீங்கள் உட்கார்ந்திருந்தது உண்மை. அந்த மாதம் நீங்கள் வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்த துப்பறியும் கதைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். இரண்டு பைகள் நிறைய இருந்தன. அதையும் எழுதி வைப்போம், கணக்கு நேராக இருக்கட்டும்.

பகைவன் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி. ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரக் கணக்கு: பதினொரு மணி நேரம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி


பிப்ரவரி 5

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். உன் உடம்புக்கு ஒன்றும் இருக்காது, உன்னைப் போன்றவர்களுக்கு வராது.

பதினொன்றாம்! அடுத்த அட்டையில் பன்னிரண்டாம்! நீ பள்ளியில் படித்தபோது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் கணக்கு முதல் வாரம் ஆறு. இரண்டாம் வாரமும் ஆறு. அட்டையில் ஏழு என்று போட்டேன். பிறகு தாங்கவில்லை, அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். அடித்தலைப் பார்த்து நீ சிரித்திருப்பாய்.

எங்கள் வீட்டில் படிக்க இடமில்லை. சமையலறையை ஒட்டிய மேசையில்தான் உட்காருகிறேன். தலைக்கு மேலே மாடிவீட்டுத் தையல்காரர் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தால் கூரை முழுக்கத் தந்தி அடிக்கிறது. போய்க் கேட்டேன். "சார், நான் மிதிச்சாத்தான் என் வீட்டுல அடுப்பு எரியும். நீங்க படிச்சா யார் வீட்டுல என்ன எரியும்?" என்றார். இறங்கி வந்தேன். படி ஏறி இறங்கிய நேரத்தையும் கழித்துவிட்டேன்.

உன் அண்ணி நீ எழுதிய அட்டையைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறாள். "கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும். உங்களுக்குப் புத்தி சொன்னா ஏறாது, பொறாமைதான் ஏறும்" என்கிறாள். இருபது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது?

நீ எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்? எப்போது? விவரமாக எழுது. பொய்யானால் விவரத்தில் இடிக்கும்.

அண்ணன்


பிப்ரவரி 13

அண்ணனுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். என் மனைவியும் நலம், மறுபடியும் நீங்கள் கேட்கவில்லை.

விவரம் கேட்டீர்கள். வீட்டில் இருப்பது ஒரே மேசை. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரு கால் குட்டை. மடித்த அட்டை கொடுத்திருக்கிறோம். அலுவலகம் விட்டு வந்ததும் முகம் கழுவி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுவதில்லை. சின்னவன் வந்து தோளில் தொங்கினால் அந்த நேரம் கழிக்கப்படுகிறது. காலையில் பால் வருவதற்கு முன்பு இன்னொரு தடவை. இயந்திரம் துணியைச் சுழற்றும்போது மேசை ஆடுகிறது. அப்போது மனப்பாடம் மட்டும்.

இடிக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வாரம் பதினான்கு. உங்கள் எட்டு வந்து சேர்ந்தது. அடித்தல் இல்லாத எட்டு. முன்னேற்றம்தான்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நலம். கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது. அதற்கும் நீதான் காரணம்.

செய்தித்தாளை நிறுத்திவிட்டேன். காலையில் போடுகிறவர், "சந்தா முடிஞ்சுதா சார்?" என்று கேட்டார். "பகை முடியும்வரை வேண்டாம்" என்றேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் மெதுவாகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தையும் விட்டேன். அலுவலகத்தில் நாங்கள் பல்லி என்று கூப்பிடுகிற பதிவேட்டு எழுத்தர், "இந்த வயசுல படிச்சு எங்கய்யா கொட்டப் போறே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். "உன் தலையில்" என்றேன். இந்த வாரம் பதினேழு. மெய்யான பதினேழு.

உன் அட்டை பதினெட்டு என்கிறது. போன வாரம் எனக்குப் பதினைந்து, உனக்குப் பதினாறு. இப்போதெல்லாம் சரியாக ஒரு படி மேலே. என் அட்டை வந்த பிறகு ஒன்றைக் கூட்டி எழுதுகிறாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதனால் ஒரு பரீட்சை வைக்கிறேன். பணி விதிகள் தாளிலிருந்து ஒரு கேள்வி: இடைநீக்கத்தில் இருக்கும் ஊழியருக்கு எத்தனை நாள் விடுப்பு அனுமதிக்கலாம்? புத்தகத்தைப் பார்க்காமல் எழுது. நீ பார்த்து எழுதினால் உன் நடையில் தெரிந்துவிடும்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். தங்கள் கேள்விக்குப் பதில்: இடைநீக்கத்தில் இருப்பவருக்கு விடுப்பே கிடையாது. வேலையில் இருப்பவன்தான் விடுப்புக் கேட்க முடியும். ஆகையால் எத்தனை நாள் என்று கேட்டதே தவறு. கேட்டவர் அந்த அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார். விடுப்புப் பகுதியை முதலிலிருந்து மறுபடியும் படிப்பது நல்லது.

இந்த வாரம் பத்தொன்பது.

தம்பி


மே 9

டேய்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

தேர்வு எழுதுவோர் பட்டியலை இன்று எங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். உங்கள் அலுவலகத்தின் வரிசையில் உன் பெயரைத் தேடினேன். இல்லை. இரண்டு தடவை விரல் வைத்துத் தேடினேன். அந்த வரிசையில் உன்னோடு அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் உன் மனைவியின் பெயர் இருக்கிறது. பல்லி பின்னாலிருந்து, "என்னய்யா, தம்பியைத் தேடினா தம்பி பொண்டாட்டி கிடைக்குதா?" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மார்ச் மாதமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'கேட்டதே தவறு' என்று என் முகத்துக்கு நேரே எழுத உனக்குத் துணிச்சல் ஏது? அந்த வாக்கியத்தில் யார் தொனி இருந்தது என்று இப்போது தெரிகிறது. உன் கல்யாணத்தில் நான் வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. பேசாத ஒருத்தியோடு நான்கு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது!

நீ எழுதிய அத்தனை அட்டையும் பொய். உன்னை நம்பிச் செய்தித்தாளை விட்டேன், சீட்டை விட்டேன், தூக்கத்தை விட்டேன். இப்போது யாரை முந்துவதற்காக உட்காருவேன்? புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். நான் தேர்வு எழுதப்போவதில்லை. கடைசி வாய்ப்பும் போயிற்று. பழி உன்னுடையது.

இனி எழுதாதே.


மே 16

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். எழுதாதே என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை அப்பா, இரண்டாம் தடவை என் கல்யாணம், மூன்றாம் தடவை இது. மூன்றாவது காரணமும் கைக்குக் கிடைத்துவிட்டது. வாழ்த்துகள். இனி ஓய்வு பெறும்வரை கவலையில்லை.

பாரம் இரண்டு வாங்கியது எங்கள் இருவருக்கும்தான். இருப்பது ஒரே மேசை, இரண்டு பிள்ளைகள், ஒரு சாயங்காலம். "ஒருத்தர் படிக்கணும்னா ஒருத்தர் அடுப்பைப் பார்க்கணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அடுப்பு எனக்குச் சுலபம், அண்ணா. புத்தகத்தைத் திறந்தால் ஈ அடிப்பவன் நான், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். என் பாரத்தைக் கொடுக்கவே இல்லை. அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இவருக்கு எதிரி நீங்கதான். நான்னு தெரிஞ்சா படிக்க மாட்டார், இன்னொரு வாழ்த்துரை எழுதுவார். உங்க பேர்லயே போடுங்க" என்றாள். உங்களுக்கு நல்லது செய்ய அல்ல. அந்தத் தவறான எண்ணம் வேண்டாம். "உங்க அண்ணன் அட்டை வந்தாத்தான் எனக்குத் தூக்கம் போகுது" என்று அவளே சொன்னாள். அட்டையில் இருந்த மணிகள் எல்லாம் மெய். உட்கார்ந்த ஆள் மட்டும்தான் வேறு. உங்களை விட ஒன்று கூட்டி எழுதவில்லை. உங்களை விட ஒன்று கூட உட்கார்ந்தாள்.

வாழ்த்துரை பதினாறு பக்கம், அண்ணா. அவள் மட்டுமா சிரித்தாள்? ஒலிபெருக்கிக்காரரும் சிரித்தார்.

தம்பி


மே 23

அத்தான் அவர்களுக்கு,

நலம். இந்த வாரம் பத்தொன்பது.

தங்கள் தம்பி மனைவி


மே 31

அண்ணனுக்கு,

பிள்ளைகள் நலம். உங்களிடமிருந்து அட்டை வந்து நாளாகிவிட்டது. தபால்காரர் வரும் நேரத்துக்கு இவள் வாசலில் போய் நிற்கிறாள். கேட்டால் வெயில் எப்படி என்று பார்க்கிறாளாம். "விட்டுட்டாரா? நல்லது. போட்டியில ஒரு ஆள் குறைஞ்சுது" என்று பெரிதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டினாள். இந்த வாரம் எட்டுதான்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பழக்கம்தான். இவளையும் சேர்த்து நாற்காலியிலிருந்து எழுப்பிவிடாதீர்கள்.

தம்பி


ஜூன் 3

தம்பியின் மனைவிக்கு,

நலம். எட்டு என்று கேள்விப்பட்டேன். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? இத்தனை மாதம் ஒரு மனிதனை முதுகில் குத்தி எழுப்பி உட்கார வைத்துவிட்டு, தேர்வு வரும்போது நகம் வெட்டுகிறீர்களா?

உங்கள் பத்தொன்பது வந்த அன்று உங்கள் அக்காள், அதாவது என் மனைவி, அதைச் சுவரில் குத்தினாள். "அந்தப் பொண்ணு ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டுப் பத்தொன்பது போட்டிருக்கு. நீங்க பரணைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க, அதுவும் படிப்புதான்" என்றாள். அன்றைக்கே ஏணி போட்டுப் புத்தகங்களை இறக்கினேன். அட்டை அனுப்பாதது என் இஷ்டம். உங்களுக்குத் தெரியப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. இப்போதும் இல்லை; எட்டு என்ற எண்ணைப் பார்த்து எரிச்சல் வந்ததால் எழுதுகிறேன்.

இந்த வாரம் இருபத்திரண்டு.

மூத்தவன்


ஜூன் 9

அத்தான் அவர்களுக்கு,

நலம். அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நம் இரு வீட்டிலும் நேராகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எட்டு போன வாரத்தோடு போயிற்று. இந்த வாரம் இருபத்து நான்கு. உங்கள் மகிழ்ச்சிக்காக அல்ல.

கல்யாணத்தில் சிரித்தது உண்மை. மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. 'இல்லறம் என்பது ஈருருளி' என்று நீங்கள் தொடங்கி, முன் சக்கரம், பின் சக்கரம், சங்கிலி, மணி என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தீர்கள். காற்றடிக்கும் குழாய் வந்ததும் தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு சிரிப்பே வரவில்லை என்பதும் உண்மை. உங்கள் வீட்டார் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்காத நாள் அது.

ஒன்று சொல்கிறேன். கோப்பு நடைமுறைத் தாளில் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். நீங்கள் இரண்டு தடவையும் முதல் கேள்விக்கே கட்டுரை எழுதி, கடைசிக்கு நேரமில்லாமல் விட்டுவந்தீர்களாம். உங்கள் தம்பி சொன்னார். இந்தத் தடவை பின்னாலிருந்து தொடங்குங்கள். இது அறிவுரை அல்ல. நீங்கள் தோற்றால் இனி காரணம் நானாகிவிடுவேன். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

தம்பி மனைவி


ஆகஸ்ட் 25

தம்பி மனைவிக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீ நலமா? கேட்டுவிட்டேன். இதை உன் கணவனிடம் படித்துக் காட்டாதே, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

பட்டியலைப் பார்த்திருப்பாய். நீ ஐந்தாவது. நான் பன்னிரண்டாவது. இருந்ததே பன்னிரண்டு இடம்தான் என்று நீ எழுதப்போகிறாய், எழுத வேண்டாம், எனக்கு எண்ணத் தெரியும். பேருந்தில் கடைசியாக ஏறினவனும் ஊர் போய்ச் சேருவான்.

கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எழுதினேன். அப்படி எழுதுவது என்று நானே முன்பு தீர்மானித்திருந்தேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். பல்லி, "எப்படிய்யா பாஸ் பண்ணே?" என்று கேட்டான். என் தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்து நான்கு மாதம் ஆள்மாறாட்டம் செய்து, சூழ்ச்சி செய்து, என் தூக்கத்தைக் கெடுத்தார்கள். அத்தனையையும் மீறித் தேறினேன் என்றேன். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். உள்ளதைத்தானே சொன்னேன். உங்கள் இருவரையும் நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. தேறிவிட்டதால் கணக்குத் தீர்ந்துவிடாது. பன்னிரண்டாவதாக வந்தவனுக்கு ஐந்தாவதாக வந்தவள் மேல் இருக்க வேண்டிய மனத்தாங்கல் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கணவனை அடுத்த தேர்வு எழுதச் சொல். அவனுக்கு வயது இருக்கிறது, சாக்குத்தான் இல்லை. அடுப்பை நீ பார்த்துக்கொள். அட்டையை அவன் எனக்கு அனுப்பட்டும். ஈ அடித்த நேரத்தைக் கழித்துவிட்டு அனுப்பட்டும்.

வருகிற மாதம் தேறியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. மூன்று வாரம், பன்னிரண்டு பேரும் ஒரே அறை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பக்கத்தில் வந்து உட்காராதே. பின்னாலும் உட்காராதே. எனக்கு நேர் முன்னால் உட்கார். நீ எப்போது எழுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மூத்தவன்